போன்ல டாக்டரைப் பார்க்கும் முன்னாடி ஸ்வெட்டரைக் கழற்றுங்க

கோத்தகிரி:
2020 ஏப்ரல்ல, போன்லயே டாக்டரைப் பார்க்குற அரசு சேவையான இ-சஞ்சீவனி வந்தப்புறம் ஓடிபி போட்டு டோக்கன் வாங்குறது சிரமமே இல்ல. சிக்கல் அதுக்கப்புறம்தான். டாக்டர் நாடி பிடிக்க முடியாது. நாம வீட்டுல பார்த்துச் சொல்ற பிரஷர் நம்பரை வெச்சுத்தான் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். நம்ம ஊர்க் குளிர்ல அந்த நம்பரே தப்பாகுது.

ஸ்வெட்டர் கையைச் சுருட்டி ஏத்தினா அது புஜத்தை இறுக்கும், ஸ்வெட்டர் மேலேயே பிரஷர் மெஷின் பட்டையைச் சுத்தினாலும் பிரஷர் சரியா வராது. கழற்றிடுங்க. உடனே பார்க்காதீங்க, குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும். போர்வையைப் போத்திக்கிட்டு, முதுகு சாய்ச்சு, கால் தரையில பதிச்சு, அஞ்சு நிமிஷம் பேசாம உட்காரணும். டீ குடிச்சிருந்தா அரை மணி நேரம் போகட்டும். கை நெஞ்சு உயரத்துல இருக்கணும். காலையும் மாலையும், ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை, ஏழு நாள். முதல் நாளை விட்டுட்டு மீதிக்கு சராசரி போட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஊட்டி:
கோத்தகிரி அக்கா சொன்னதோட சுகரையும் சேர்த்துக்கங்க. பல சுகர் மெஷின் 10 டிகிரிக்குக் கீழ வேலை செய்யாது, எரர்தான் காட்டும். கொஞ்ச நேரம் சட்டைக்குள்ள வெச்சிருந்து எடுங்க. சில்லிட்ட விரலைப் பிதுக்கினா ரத்தத்தோட திசு நீரும் கலந்து அளவு மாறிடும். வெந்நீர்ல கழுவி, ஈரம் போகத் துடைச்சு, விரலோட பக்கவாட்டுல குத்துங்க. பழம் உரிச்ச கையைக் கழுவாம குத்தினா சுகர் ஏறித்தான் காட்டும். மூட்டம் போடுற நாள்ல ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைக்காதீங்க.

உறைபனி நாள்ல இன்சுலினை ஜன்னலோரம் வைக்கவே வேண்டாம். ஒரு தடவை உறைஞ்சா, உருகினாலும் அது குப்பைக்குத்தான். பிரிட்ஜ்ல வெச்சாலும் பிரீசர் பக்கம் ஒட்ட வேண்டாம்.

கூடலூர்:
பூட்ஸ் போட்டு எஸ்டேட் வேலைக்குப் போற சுகர்காரங்க தினம் கால்விரல் இடுக்கைப் பார்க்கணும். அட்டை கடிச்ச இடம் வலிக்காது, புண்ணானப்புறம்தான் தெரியும். வீடியோவுல மங்கலாத்தான் விழும். பகல் வெளிச்சத்துல, பக்கத்துல ஒரு ரூபா நாணயம் வெச்சு போட்டோ எடுங்க, புண்ணோட அளவு டாக்டருக்குப் புரியும். சிக்னல் விட்டுவிட்டு வந்தா வீடியோவோட மல்லுக்கட்டாதீங்க, வெறும் குரல்ல பேசுங்க.

குன்னூர்:
பதற்றத்துக்குக் கொடுக்குற அல்ப்ரஸோலம் மாதிரி மாத்திரையைப் போன்ல எழுதிக் கொடுக்க 2020 மார்ச்ல வந்த தொலைமருத்துவ நெறிமுறையில அனுமதி இல்ல, டாக்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினப்புறம் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது. பழைய மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாதீங்க. பேரு மாறினாலும் மருந்தும் மில்லிகிராமும் ஒண்ணுதானான்னு ஒத்துப் பாருங்க. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுக்கறது, சுகர் ஏறி வாந்தி, இதுக்கெல்லாம் டோக்கன் போட்டுக் காத்திருக்காதீங்க, 108 தான்.