ஏர் இந்தியால ஏறிட்டு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நம்பர் குடுக்கலாமா?

ஓமலூர்ப்பொண்ணு:
வணக்கம்ங்க. அடுத்த மாசம் அப்பாவும் அம்மாவும் சென்னைல இருந்து ஏர் இந்தியால சிங்கப்பூர் போறாங்க, அங்க அக்கா இருக்கா. புக் பண்றப்ப மெம்பர் நம்பர்னு ஒரு கட்டம் கேக்குது, அதுல கிரிஸ்ஃப்ளையர் நம்பர போடுன்றா அக்கா, ஆனா அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட பாயிண்ட் திட்டம் ஆச்சே? பிளைட்டு ஒருத்தனது, பாயிண்ட்டு இன்னொருத்தன்ட்டயா? கமலாபுரத்துல, நம்ம சேலம் ஏர்போர்ட்ல, இண்டிகோ ஏறுறப்பவும் அதே நம்பர் ஆகுமா?

மலைமேல_காப்பி:
தாராளமா போடலாம்ங்க. ரெண்டும் ஸ்டார் அலையன்ஸ்னு ஒரு விமான கம்பெனிக் கூட்டணில இருக்கு, ஏர் இந்தியா 2014ல சேந்துச்சு. பறக்குறது ஒருத்தரோட, மைல (பாயிண்ட்டத்தான் அப்படி சொல்வாங்க) யார்ட்ட சேக்குறதுங்கறது உங்க இஷ்டம், ஆனா ஒரு பயணத்துக்கு ஒரே கணக்குதான். டிக்கெட்ல ஃபேர் கிளாஸ்னு ஒரு எழுத்து இருக்கும் பாருங்க, அத வச்சுதான் எவ்ளோ மைல்னு முடிவாகும், ரொம்ப சல்லிசான டிக்கெட்டுக்கு ஒண்ணுமே வராம கூட போகலாம். இண்டிகோ அந்தக் கூட்டணில இல்ல, அவங்களுக்கு புளூசிப்னு தனியா இருக்கு.

அஞ்சுரோட்டு_ஆளு:
பிளைட்டு கம்பெனியும் பாயிண்ட் திட்டமும் வேற வேறன்னு ஜெட் ஏர்வேஸ் பாத்தவங்களுக்குத் தெரியும். 2019 ஏப்ரல்ல பிளைட்டு மொத்தமா நின்னு போச்சு, ஆனா அவங்க பாயிண்ட் திட்டமான ஜெட்பிரிவிலேஜ் தனி கம்பெனி, அபுதாபி விமான கம்பெனி எதிகாத்துக்கு அதுல பாதிக்கு மேல பங்கு, அதனால அது பாட்டுக்கு ஓடுச்சு, அதே வருசம் இன்டர்மைல்ஸ்னு பேர மாத்திக்கிட்டாங்க. பிளைட்டே இல்லாத கம்பெனியோட மைல்! பேங்க்காரன் கிரெடிட் கார்டுக்குன்னு மைல மொத்தமா காசு குடுத்து வாங்குறான்ல, வருமானமே அங்கதான். 2020 கொரோனால அமெரிக்கால யுனைடெட் ஏர்லைன்ஸ் தன்னோட பாயிண்ட் திட்டமான மைலேஜ்பிளஸ்ஸ அடமானம் வச்சு 680 கோடி டாலர் கடன் வாங்குச்சு, பிளைட்ட இல்ல, பாயிண்ட்ட!

ஓமலூர்ப்பொண்ணு:
அடேங்கப்பா. அப்ப மைல் ஏறலன்னா யார்ட்ட கேக்குறது?

மலைமேல_காப்பி:
கணக்கு யார்ட்டயோ அவங்கட்டதான், அதாவது கிரிஸ்ஃப்ளையர்ட்ட. கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணுட்ட சண்ட போட்டு பிரயோஜனமில்ல. பின்னாடி மைல் குடுத்து ஏர் இந்தியா சீட்டு எடுத்தாலும், தேதி மாத்த கிரிஸ்ஃப்ளையர்ட்டதான் போகணும். போர்டிங் பாஸ மைல் ஏறுற வரைக்கும் தூக்கிப் போட்றாதீங்க, விட்டுப்போன மைல கேக்க கெடு இருக்கு. அப்பறம் பாஸ்போர்ட்ல பேர் எப்படி இருக்கோ அப்படியே கணக்குலயும் போடுங்க, நம்மூர் இனிஷியல் முன்ன பின்ன இருந்தா மைல் ஏறாம தொங்கும்.

ஓமலூர்ப்பொண்ணு:
அப்பாக்கு பாஸ்போர்ட்ல இனிஷியல் விரிச்சு இருக்கு, நல்லவேள சொன்னீங்க. அம்மாவுக்கும் தனியா ஒரு கணக்கு தொறந்துடறேன்ங்க.