சென்னைப் பக்கம் நடந்த சோழவரம் பைக் ரேஸை நேரில் பார்த்தவர்கள் நம் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து எழுதுகிறேன், வயது 57. பழைய பைக் ரேஸ் பற்றிப் பேச எங்கள் பக்கம் ஆள் குறைந்துகொண்டே வருகிறது, அதனால்தான் கேட்கிறேன். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

1980-களின் பிற்பாதி. பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறந்தது, இது அதற்கு முன்னால். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் வேலை பழகிக்கொண்டிருந்தேன். 1985-இல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தபிறகு கடையின் பேச்சே மாறிவிட்டது. 98 சிசிதான், 11 குதிரைத்திறன்தான், ஆனால் புல்லட்டும் ஜாவாவும் பார்த்துப் பழகிய கைகளுக்கு அந்த வண்டி திருகினவுடன் பாய்கிற பாய்ச்சல் புதுசு. உப்புக் காற்றில் சைலன்சர் ஒன்றிரண்டு வருஷத்தில் துருப்பிடித்துப் பொரிந்துவிடும், அதை வெட்டி ஒட்டுவதுதான் என் முதல் வேலை. அப்படி ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் "நாளைக்கு ராத்திரி ரயிலுக்கு வாடா, சோழவரம் போயிட்டு வந்துருவோம்" என்றார்.

மீட்டர் கேஜ் ரயில், உட்கார இடமில்லை, விடிய விடிய நின்றும் குந்தியும் எழும்பூர் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து செங்குன்றம் வழியாக பஸ். சோழவரத்தில் இருந்தது ரேஸுக்கென்று கட்டிய பாதை இல்லை, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். அதனால் நேர்கோட்டில் வண்டியை முழுக்கத் திருகிவிடுவார்கள், முனையில் வைக்கோல் கட்டு அடுக்கி வைத்த இடத்தில் வேகத்தை எல்லாம் கொட்டிவிட்டு வளைய வேண்டும். நிழல் கிடையாது. பிப்ரவரி மாதம்தான், ஆனாலும் கான்கிரீட்டிலிருந்து கிளம்புகிற அனலில் தூரத்து வண்டிகள் தண்ணீருக்குள் வருவதுபோல நெளிந்து நெளிந்து தெரியும். முதலில் சத்தம் வரும், அப்புறம்தான் வண்டி வரும். ராஜ்தூத் 350 நாலைந்து ஒன்றாகக் கடந்துபோனபோது என் நெஞ்செலும்பு அதிர்ந்ததை இன்றைக்கும் விரல் வைத்துக் காட்டுவேன்.

அப்புறம் அந்த வாசம். ரேஸ் வண்டிகளில் ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள், அது எரிகிற வாசம் தித்திப்பாக இருக்கும். எங்கள் அப்பத்தா குழந்தைகளுக்கு உச்சியில் வைக்கிற விளக்கெண்ணெய், அதேதான், ஆனால் புகையாக. இவ்வளவு தூரம் வந்து வீட்டு வாசம் அடிக்கிறதே என்று நின்றுவிட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. வண்டிகளை ஸ்டாண்டு போட்டு வைத்திருந்த இடத்துப் பக்கம் நின்றிருந்தோம். பயிற்சி ஓட்டம் முடித்து வந்த ஒருவர், இன்ஜினை அணைத்து கிளட்சைப் பிடித்தபடியே உருட்டி வந்து நிறுத்தி, என் கையைப் பார்த்தார். கிரீஸ் படிந்த கை. "மெக்கானிக்கா? இதைப் பிடி" என்று ஒரு துணியைக் கொடுத்து, இன்ஜினில் தீப்பொறி போடுகிற பிளக்கைக் கழற்றி அதில் வைத்தார். சூடு துணியைத் தாண்டிச் சுட்டது, கீழே போடவில்லை. பீங்கான் நுனியைக் காட்டி, "டீ நிறத்துல இருக்கா? அப்ப சரி. வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தல, பிஸ்டன் பிடிச்சுக்கும். கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகம், வண்டி இழுக்காது" என்றார். அரை நிமிஷம் இருக்குமா? அந்த அரை நிமிஷத்தில் கற்றதை வைத்துத்தான் முப்பது வருஷம் சோறு சாப்பிட்டேன். அவர் அன்றைக்கு ஜெயித்தாரா என்பதுகூட எனக்கு நினைவில்லை. இன்றைக்கு வேலி, பாஸ், காவல் எல்லாம் தாண்டி ஒரு பொடியன் கையில் யார் பிளக்கைக் கொடுப்பார்கள்? பாதுகாப்பு வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தக் கை எட்டுகிற தூரம் போய்விட்டதே என்பதுதான் என் ஏக்கம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ரேஸ் போனது. நல்ல பாதை, முறையான பாதை. நான் போகவில்லை.

*

கீழக்கரையிலிருந்து:

காக்கா, நான் சோழவரம் பார்த்ததில்லை. எனக்கு ரேஸ் வந்தது துபாயிலிருந்து, வீடியோ கேசட்டில். எங்கள் மூத்த காக்கா, அதாவது அண்ணன், அங்கே இருந்தார், ஊருக்கு வரும்போதெல்லாம் டிவியில் பதிந்த ரேஸ் கேசட் இரண்டு மூன்று கொண்டுவருவார். அப்போது எங்கள் மாடிகளில் ஆண்டெனாவை உயர்த்திக் கட்டினால் இலங்கை ரூபவாஹினி தெளிவாக விழும், தெருவே அதில் கிரிக்கெட் பார்க்கும், நான் மட்டும் அறைக்குள் உட்கார்ந்து கேசட் ஓட்டுவேன்.

1991-இல் ஜெர்மனி ஹாக்கன்ஹைமில் நடந்த உலகப் போட்டி ஓட்டத்தை நாடா தேயும்வரை பார்த்திருக்கிறேன். கடைசிச் சுற்று, அமெரிக்க வீரர்கள் இருவர், வெய்ன் ரெய்னி முன்னால், கெவின் ஷ்வான்ட்ஸ் பின்னால், இருவரும் பிரேக் பிடிக்கிற இடத்தில் ஷ்வான்ட்ஸ் இன்னும் பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை, பிடித்ததும் வண்டி பாம்புபோல நெளிகிறது, ஆனாலும் உள்ளே புகுந்துவிடுகிறார். 500 சிசி டூ ஸ்ட்ரோக், எடை 130 கிலோ பக்கம், இன்றைக்கு இருக்கிற மாதிரி வழுக்கினால் தாங்கிக்கொள்ளும் மின்னணு எதுவும் கிடையாது. எல்லாம் வலது மணிக்கட்டுதான். அதனால்தான் அந்தக் காலத்து வீரர்களை இன்னும் தலையில் வைத்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் மிக் டூஹனை எடுத்துக்கொள்ளுங்கள், 1992-இல் நெதர்லாந்து அசெனில் விழுந்து கால் போகிற நிலைமை, பிறகு வலது காலால் பிரேக் மிதிக்க முடியாமல் பின் பிரேக்கைக் கைக் கட்டைவிரலுக்கு மாற்றிக்கொண்டு, 1994 முதல் 1998 வரை ஐந்து தடவை தொடர்ந்து உலக சாம்பியன்.

ரெய்னி விஷயம் மட்டும் எனக்கு ஆறவே இல்லை. 1993 செப்டம்பர், இத்தாலியில் மிசானோ. மூன்று தடவை சாம்பியன், அந்த வருஷமும் புள்ளியில் அவர்தான் முன்னால், அந்த ஓட்டத்திலும் முதலில் போய்க்கொண்டிருந்தார். விழுந்தார், நெஞ்சுக்குக் கீழே உடம்பு செயலிழந்துவிட்டது. பட்டம் ஷ்வான்ட்ஸுக்குப் போனது. எனக்கு இது தெரிந்ததே மாதக்கணக்கு கழித்து, காக்கா எழுதிய கடிதத்தில். ஷ்வான்ட்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று வருஷம் முழுக்க துஆ செய்தவன் நான், அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வாப்பாவிடம் சொல்லவும் முடியாமல் கடற்கரையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

2022-இல் இங்கிலாந்தில் குட்வுட் விழாவில் அதே ரெய்னி, கைகளாலேயே இயக்கும்படி மாற்றியமைத்த தன் பழைய யமஹா 500-ஐ ஓட்டி வந்தார். போனில்தான் பார்த்தேன். பேரன் பக்கத்தில் இருந்தான் (எங்கள் வீட்டில் தாத்தாவை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்), "ஏன் அழுவுறீங்க அப்பா" என்று கேட்டான், அவனுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

*

தொண்டி:

அண்ணன்மாரே, நம் பக்கம் ரேஸ் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் கடலில் பாய்மரப் படகுப் போட்டி, ரோட்டில் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம். பெரிய மாடு ஓடும்போது பக்கத்தில் சத்தம் கொடுத்துக்கொண்டு போவதற்கு என் மாமா ஆர்எக்ஸைத்தான் எடுப்பார், பின்னால் ஒருவர் நின்றுகொண்டு துண்டைச் சுழற்றுவார். மாடு எந்த வேகத்தில் போனாலும் கிளட்ச் வைக்காமல் கூடவே போகிற வண்டி அதுதான் என்பார். பத்து வருஷத்துக்கு முன்னால் அப்படிப் போகும்போதுதான் விழுந்து தோள்பட்டை இறங்கியது. ரோட்டில் வேகம் காட்டாதே என்று எங்களுக்குச் சொல்கிற முதல் ஆள் இப்போது அவர்தான். பாம்பன் பாலத்தில் சில பையன்கள் செய்வதைப் பார்த்தால் நிறுத்தித் திட்டாமல் வரமாட்டார்.

ஒரு சந்தேகம். ரேஸ் வண்டிக்கு மட்டும் சைலன்சர் ஏன் நடுவில் வயிறு வைத்த மாதிரி இருக்கிறது?

*

ஏர்வாடி:

நான் 2023 செப்டம்பரில் மகனோடு டெல்லி பக்கம் புத் சர்க்யூட் போய் பைக் உலகப் போட்டியான மோட்டோஜிபி பார்த்தேன். பெஸெச்சி ஜெயித்தார், மார்ட்டின் இரண்டாவது, குவார்ட்டராரோ மூன்றாவது. எல்லாம் 1000 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், இடி மாதிரி சத்தம், டூ ஸ்ட்ரோக்கின் கீச்சல் இல்லை, புகை இல்லை, அந்த எண்ணெய் வாசமும் இல்லை. ஆனால் முதல் வளைவுக்கு எல்லோரும் ஒன்றாக வந்தபோது என் மகன் என் கையைப் பிடித்தான், 24 வயது ஆள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

*

மறுபடி மண்டபம்:

தொண்டித் தம்பிக்கு. டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறுகிற வழி திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே வரும், அதில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடப் பார்க்கும். சைலன்சரின் வயிறு முடிந்து குறுகுகிற இடத்தில் அழுத்த அலை மோதித் திரும்பி வந்து, ஓடினதை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். பாம்பன் பாலத்துத் தூணில் அலை அடித்துத் திரும்பும்போது ஓரத்தில் கிடக்கிற பாசியைத் தள்ளிக்கொண்டு வருமே, அதேதான். அலை சரியான நேரத்துக்குத் திரும்ப வேண்டும், அந்த வேகத்தில்தான் வண்டி திடீரென்று எகிறும். நீளம் ஒரு விரற்கடை தப்பினாலும் காரியம் கெடும். அண்ணன் மூன்று தடவை வெட்டி ஒட்டிச் சரிபண்ணிய ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது, எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அதோடு ஒரு ஆர்எக்ஸ் சிலிண்டரும் கிடக்கிறது. உள்சுவரைக் கடைகிற போரிங் இன்னும் ஒரு தடவை தாங்கும். உங்கள் மாமா வண்டியை இன்னும் வைத்திருந்தால் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், எடுத்துக்கொண்டு போகட்டும், காசு வேண்டாம். பிளக்கை மட்டும் கழற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள், நிறம் பார்க்க வேண்டும்.