தத்தெடுத்த குதிரை: எடை ஏறவில்லை, இப்போது கடிக்கவும் வருகிறாள். உதவி வேண்டும்

கேட்டவர்

வணக்கம். மீட்பு முகாமிலிருந்து ஒரு பெட்டைக் குதிரையைத் தத்தெடுத்து ஒரு மாதம் ஆகப் போகிறது. செவலை நிறம், அதனால் செவலை என்றே கூப்பிடுகிறோம். முன்பற்களைப் பார்த்து வயது 12 இருக்கலாம் என்றார்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்தவள். விலா ஒவ்வொன்றையும் எண்ணலாம், இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது.

வந்த அன்றே கால்நடை மருத்துவர் பார்த்தார். தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார், ரத்தம் எடுத்தார், குடற்புழு மருந்தைத் தள்ளி வைத்தார். அவர் சொன்னபடிதான் செய்கிறோம். ஆனாலும் எடை ஏறவில்லை. உலர்புல்லை மென்று மென்று உருண்டையாகக் கீழே துப்புகிறாள். இலத்தியில் புல் நீளநீளமாக அப்படியே வருகிறது.

இன்னொரு கவலை. வந்த புதிதில் பரம சாது. எங்கே தொட்டாலும் சும்மா நிற்பாள். இப்போது தீவனத்தோடு போனால் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறாள், பின்புறத்தைத் திருப்புகிறாள். வயிற்றுப் பக்கம் கை போனால் கடிக்க வருகிறாள். பின்னங்காலைத் தூக்கவே விடுவதில்லை. குளம்பிலிருந்து கெட்ட வாடை வேறு.

தெரிந்தவர் ஒருவர் "ஒருமுறை நன்றாக அடித்துப் பயம் காட்டு, அடங்கிவிடும்" என்கிறார். இன்னொருவர் தானியத்தை அள்ளிப் போடச் சொல்கிறார். அடிக்க எனக்கு மனசு வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

லாயக்காரர்

தம்பி, அடிக்க வேண்டாம். அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நீங்கள் முதலில் பார்த்தது சாது குணம் இல்லை. நிற்கவே தெம்பில்லாத குதிரை எதற்கும் எதிர்ப்புக் காட்டாது. உடம்பில் கொஞ்சம் சத்து சேர்ந்ததும் "இங்கே வலிக்கிறது", "என் தீனியைப் பிடுங்காதே" என்று சொல்ல ஆரம்பிக்கும். பட்டினியிலிருந்து வந்த குதிரைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். குணம் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், தெம்பு திரும்புகிறது.

நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் வலியோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். பல், வயிறு, குளம்பு மூன்றையும் பார்த்த பிறகுதான் பழக்கும் வேலை.

கால்நடை மருத்துவர்

நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். உங்கள் மருத்துவரிடம் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் கடைவாய்ப் பல். குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும், மெல்ல மெல்லத் தேயும். தேய்மானம் சமமாக இல்லாவிட்டால் மேல் பற்களின் வெளி ஓரமும் கீழ்ப் பற்களின் உள் ஓரமும் கத்தி போலக் கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். புல்லை உருண்டையாகத் துப்புவதும் இலத்தியில் நீளமான நார் வருவதும் மெல்ல முடியாத குதிரையின் அடையாளம். வயது சொல்ல முன்பற்களைப் பார்த்தால் போதும், இதைக் கண்டுபிடிக்க அது போதாது. மயக்க ஊசி போட்டு, வாய் திறப்பான் மாட்டி, விளக்கு வைத்து உள்ளே பார்க்க வேண்டும். கூர்களை அரத்தால் ராவிவிடலாம். அதுவரை தீவனத்தை நன்றாக ஊறவைத்துக் கூழாகக் கொடுங்கள். சரியாக மெல்லாத குதிரைக்குத் தொண்டைக்குழாயில் தீனி அடைத்துக்கொள்ளும். மூக்கு வழியாகத் தீவனமும் எச்சிலும் வந்தால் தீனி, தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து வயிறு. குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது வரும் எச்சில்தான் அதைத் தணிக்கும். பல மணி நேரம் வெறும் வயிற்றோடு நின்றால் இரைப்பையின் மேல்பகுதி புண்ணாகும். வயிற்றுப் பக்கம் கை போனால் கடிக்க வருவதற்கு இரைப்பைப் புண் ஒரு காரணமாக இருக்கலாம். தோல் புண், முதுகு வலி, சினைப்பைக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகும். புண்தான் என்றால் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் கொடுப்போம். மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். வலி மாத்திரையும் வேண்டாம், ஃபினைல்பியூட்டசோன் போன்றவை புண்ணை மோசமாக்கும்.

குடற்புழு மருந்தைத் தள்ளி வைத்தது நல்ல முடிவு. இலத்தியில் முட்டை எண்ணிக்கை பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். சிறு புழுக்களின் குஞ்சுகள் குடல் சுவருக்குள் பதுங்கியிருக்கும், அவை அந்த எண்ணிக்கையில் வராது. ஒரேயடியாக அவை செத்தால் குடல் வீங்கிவிடும். மாக்சிடெக்டின் என்ற குடற்புழு மருந்தை மெலிந்த குதிரைக்கு மிகுந்த எச்சரிக்கையோடுதான் கொடுக்க வேண்டும்.

தானியம் இப்போது வேண்டவே வேண்டாம். பட்டினி கிடந்த உடம்புக்குள் மாவுச்சத்து திடீரென்று போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் ஓடிவிடும், இதயம் நின்றுபோகும். தீனி கிடைத்த முதல் பத்து நாளுக்குள் குதிரைகள் சாவது இப்படித்தான். செவலை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். ஆனாலும் இந்த உடம்புக்குத் தானியத்தை அள்ளிப் போட்டால் வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் வரும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பட்டினிக் குதிரைகளுக்கு வெவ்வேறு தீவனம் கொடுத்துப் பார்த்ததில் குதிரைமசால் என்ற தீவனப்பயிர்தான் நன்றாக ஒத்துக்கொண்டது. அதில் மாவுச்சத்து குறைவு, புரதமும் மக்னீசியமும் அதிகம்.

கேட்டவர்

ரொம்ப நன்றி டாக்டர். பல்லுக்கு நாள் குறித்துவிட்டோம். எடை ஏறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்களிடம் பெரிய தராசு இல்லை.

லாயக்காரர்

தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம். எல்லாம் சென்டிமீட்டரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். கிலோ கணக்கு வரும். சுற்றளவு 150, நீளம் 135 என்றால் சுமார் 256 கிலோ. துல்லியம் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் ஒரே ஆள் வாரம் ஒருமுறை ஒரே மாதிரி அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

கையால் தடவியும் பாருங்கள். ஹென்னெக் அளவுகோல் என்று ஒன்று உண்டு, 1983இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் உருவானது. கழுத்து, பிடரிமேடு, தோளின் பின்புறம், விலா, முதுகு, வாலடி ஆகிய இடங்களில் எவ்வளவு கொழுப்பு என்று தொட்டுப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 நல்ல உடம்பு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் செவலை 2க்குப் பக்கத்தில் இருப்பாள். 5க்கு வர ஆறு முதல் பத்து மாதம் ஆகும். அவசரப்படக் கூடாது.

தீவனம் ஒரு நாளைக்கு எடையில் 2 விழுக்காடு. இப்போதுள்ள எடைக்கு இல்லை, இருக்க வேண்டிய எடைக்கு. அந்த அளவுக்கு மெதுவாகப் போய்ச் சேருங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், உப்புக்கட்டி ஒன்றும் வையுங்கள்.

லாடக்காரர்

குளம்பு வாடை பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதன் ஓரப் பள்ளங்களில் கறுப்பாகக் கசிந்து நாறினால் அழுகல். ஈரமான தரைதான் முக்கியக் காரணம். தினமும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், நிற்கும் இடத்தைக் காய வையுங்கள். நடுப்பள்ளம் ஆழமாகப் பிளந்திருந்தால் தொட்டாலே துடிக்கும், கால் கொடுக்காததற்கு அதுவே போதும்.

வளர்ந்துபோன குளம்பை ஒரே நாளில் வெட்டிச் சரிசெய்யச் சொல்லாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை. முன்பக்கக் குளம்புச் சுவர் மேலிருந்து தரை வரை புதிதாக வளர்ந்து வர ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும்.

இன்னொன்று, ஒரு பின்னங்காலைத் தூக்கினால் உடம்புப் பாரம் மற்றப் பின்னங்காலில் இறங்கும். சதை இல்லாத குதிரையால் அதைத் தாங்க முடியாது. உயரத் தூக்காதீர்கள். தரையிலிருந்து ஒரு சாண், சில நொடி, அவளாக இழுப்பதற்கு முன்பே நீங்கள் கீழே வைத்துவிடுங்கள். குளம்பு சூடாக இருந்தாலோ, பாரத்தைப் பின்னால் சாய்த்து நின்றாலோ அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

கேட்டவர்

பல் பார்த்தாகிவிட்டது. கன்னத்தின் உள்ளே இரண்டு பக்கமும் புண். கூர்களை ராவிவிட்டார்கள். உருண்டை துப்புவது நன்றாகக் குறைந்திருக்கிறது. இரைப்பைப் புண்ணும் இருக்கிறது என்று குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார், மருந்து ஆரம்பித்திருக்கிறோம். ஆனால் தீவன நேரத்தில் இன்னும் அதே கோபம். அதற்கு என்ன செய்யலாம் அண்ணா?

லாயக்காரர்

நல்ல செய்தி தம்பி. வலிக்கு வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது, இனிப் பழக்கலாம்.

தீனிக்காக அவளோடு மல்லுக்கட்டும் சூழ்நிலையே வரக் கூடாது. அவள் வெளியே இருக்கும்போது தீவனத்தை உள்ளே வைத்துவிட்டு, பிறகு அழைத்து வாருங்கள். ஒரே குவியலாக வைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். தின்னும்போது யாரும் தொட வேண்டாம், துலக்க வேண்டாம். முழுசாகக் காலியாகும் முன்பே அடுத்தது வந்துவிட வேண்டும். தீனி தீர்ந்துபோகாது என்று அவள் உடம்பு நம்பும்வரை அந்தக் கோபம் போகாது, இதற்குப் பல வாரம் ஆகலாம். கையில் வைத்து ஊட்டாதீர்கள், கையையே கடிக்கத் தேடுவாள்.

தீவனம் இல்லாத நேரத்தில்தான் பாடம். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கண் தெரியாது. தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். காது மடிந்தால் அங்கேயே நில்லுங்கள், முறைக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். காது தளர்ந்ததும், தலை தாழ்ந்ததும், நீங்கள் ஒரு அடி பின்னால் போங்கள். அவள் அமைதியானால் நீங்கள் விலகுவீர்கள் என்பதுதான் அவளுக்குக் கிடைக்கும் பரிசு. அந்த நொடி பிசகக் கூடாது, அவள் பல்லைக் காட்டும்போது விலகினால் பல்லைக் காட்டத்தான் கற்றுக்கொள்வாள். அப்புறம் தோளில் கை, கழுத்து, முதுகு. வயிற்றுக்குக் கடைசியில்தான் போக வேண்டும், அதுவும் மருத்துவர் சரி என்ற பிறகு. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். தலைக்கவசம் போடுங்கள். குழந்தைகளைத் தனியே உள்ளே விடாதீர்கள்.

கேட்டவர்

புரிந்தது அண்ணா. இன்றே தீவனத்தை மூன்று இடமாகப் பிரித்து வைக்கிறேன். கடைசியாக ஒன்று, சேணம் வைப்பதை எப்போது யோசிக்கலாம்?

கால்நடை மருத்துவர்

இப்போதைக்கு வேண்டாம். முதுகில் சதை இல்லாமல் சேணம் வைத்தால் எலும்பின் மேலேயே அழுந்தும், திரும்பவும் கடிக்கக் கற்றுக்கொள்வாள். மதிப்பெண் 4ஐத் தாண்டி, புண் ஆறி, நான்கு காலையும் தயங்காமல் கொடுக்கும்போது என்னைப் போன்ற ஒருவரிடம் முதுகைக் காட்டிக் கேளுங்கள். அதுவரை கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிப் போங்கள், சதை பிடிக்க அதுவே நல்லது. தொற்றுநோய் இல்லை என்று உங்கள் மருத்துவர் உறுதி சொன்னதும் கண்ணில் படும் தூரத்தில் இன்னொரு குதிரையைக் கட்டுங்கள். தனியாக இருக்கும் குதிரை பயத்தில் சரியாகப் படுத்துத் தூங்காது.