குடல்வால் ஆபரேஷன்: லேப்ராஸ்கோப்பி நடுவில் வயிற்றைத் திறக்க நேர்வது எப்போது?

கேள்வி (நோயாளியின் அக்கா):
தம்பிக்கு வலப்பக்க அடிவயிற்றில் வலி தொடங்கி நான்கு நாளாகிறது. குடல்வாலைச் சுற்றிச் சீழ் கோத்திருப்பது ஸ்கேனில் தெரிந்ததால், நாளைக் காலை லேப்ராஸ்கோப்பி முறையில் (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செலுத்தி, திரையில் பார்த்தபடி) அகற்றப் போகிறார்கள். ஒப்புதல் படிவத்தில் "தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்யப்படும்" என்று இருப்பதைப் படித்ததிலிருந்து அம்மா கலங்கிப்போயிருக்கிறார். அப்படி எப்போது மாற்றுவார்கள்?

பதில் (அறுவை சிகிச்சை மருத்துவர்):
சகோதரி, அந்த வரி வழக்கமாக எல்லோருடைய படிவத்திலும் இருப்பதுதான். குடல்வால் பெருங்குடலோடு சேரும் அடிப்பகுதி தெளிவாகத் தெரிகிறதா, அங்கே போடும் சுருக்கு நூல் நிற்குமா என்பதையே நாங்கள் முதலில் பார்ப்போம். அந்த இடம் அழுகியிருந்தால் திசு நூலைத் தாங்காமல் கிழிந்துவிடும். சிலருக்குப் பெருங்குடலின் தொடக்கத்தையும் சிறிது சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். நாள் கடந்த அழற்சியில் சிறுகுடலும் கொழுப்புத்திரையும் குடல்வாலோடு ஒட்டி ஒரே திரளாகிவிடுவதுண்டு. எது குடல், எது குடல்வால் என்று திரையில் பிரித்தறிய முடியாதபோது கருவியால் இழுத்தால் நல்ல குடலில் ஓட்டை விழலாம் என்பதால், வயிற்றைத் திறந்து, விரலால் தொட்டு உணர்ந்து பிரிப்பதே பாதுகாப்பு. கட்டுக்கடங்காத ரத்தக்கசிவும், புற்றுக்கட்டியோ என்ற ஐயமும் மற்ற காரணங்கள். சீழ் இருப்பது மட்டுமே காரணமாகாது. அதைத் துளை வழியாகவே உறிஞ்சி எடுத்துவிடலாம். முறையை மாற்றுவதைத் தோல்வியாகக் கருதாதீர்கள் என்று அம்மாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

பதில் (மயக்கவியல் மருத்துவர்):
எங்கள் தரப்பிலும் ஒரு காரணம் உண்டு. லேப்ராஸ்கோப்பியில் உள்ளே பார்க்க இடம் கிடைப்பதற்காக, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தம் வரை நிரப்புவதால் உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது. இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்களுக்கு, அழுத்தத்தைக் குறைத்த பிறகும் ரத்த அழுத்தம் நிலைகொள்ளாவிட்டால், வாயுவை வெளியேற்றிவிட்டு வயிற்றைத் திறந்து செய்யச் சொல்லிவிடுவோம். உடல்நலமுள்ள இளைஞர்களிடம் இது அரிது.

நோயாளியின் அக்கா:
மிக்க நன்றி. தம்பிக்கு வேறு நோய் எதுவும் இல்லை. ஒருவேளை மாற்றினால் தழும்பு பெரிதாக இருக்குமா?

பதில் (அறுவை சிகிச்சை மருத்துவர்):
பெரும்பாலும் வலப்பக்கம் கீழே, அமெரிக்க அறுவை மருத்துவர் மக்பர்னி 1894-இல் விவரித்த சாய்வான கீறலே போதும். சீழ் வயிறு முழுதும் பரவியிருந்தால் மட்டும் நடுக்கோட்டில் நீளமாகக் கீற வேண்டியிருக்கும். மருத்துவமனையில் தங்கும் நாள் கூடும். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் சற்று அதிகம். எனவே வீடு திரும்பியபின் தையலைச் சுற்றிச் சிவப்போ நீர்க்கசிவோ காய்ச்சலோ தென்பட்டால், அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.