பிபிஇ கிட் மாட்டிய அந்த 3 நிமிடங்கள்: தொற்றுக் காலத்தில் பணியில் இருந்தவர்கள் எழுதுங்கள்

ஆம்புலன்ஸ் இரவுப்பணி:

இதைப் பல தடவை எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறேன். இன்று முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னபோது வண்டியில் எனக்கு ஆறு வருடம் முடிந்திருந்தது. விபத்து, தீக்காயம், பாதி வழியில் நின்றுபோன மூச்சு எல்லாம் பார்த்தவன். சாவைப் பார்த்து மனம் உடைகிற கட்டத்தைத் தாண்டிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அது அதிகாலை அழைப்பு. மூன்றாம் மாடி, அறுபது வயதை ஒட்டிய ஆண், பேச்சு மூச்சு இல்லை. வண்டி நின்றதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் பழக்கம், கால் தானாகப் படிக்கட்டுக்குப் போய்விடும். ஓட்டுநர் அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "முதலில் கிட்டைப் போடு." நெஞ்சை அழுத்தும்போதும், மூச்சுப்பையை அமுக்கிக் காற்று கொடுக்கும்போதும் நோயாளியின் மூச்சிலிருந்து கிருமி காற்றில் பரவும், அதனால் உடை, என்95 முகக்கவசம், கண்ணாடி, இரண்டு அடுக்குக் கையுறை எல்லாம் போட்ட பிறகுதான் கைவைக்க வேண்டும் என்பது உத்தரவு. நான் படிக்கட்டின் அடியில் நின்று ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். மேலே கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பைத் தொங்கவிட்டபடி அவருடைய மகள் கத்திக்கொண்டிருந்தாள். "ஏன் அங்கேயே நிக்கிறீங்க? ஏறி வாங்க!"

கையுறை வியர்வையில் ஒட்டிக்கொண்டு ஏறவில்லை. 3 நிமிடம் ஆகியிருக்கும். இதயம் நின்றவருக்கு நெஞ்சழுத்தமும் கிடைக்காமல் மின்அதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும். இதைப் பயிற்சிக்கு வரும் பசங்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதனால் கீழே நின்றபோது என் மண்டைக்குள் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மேலே போய் அரை மணி நேரத்துக்கு மேல் போராடினோம். அவர் திரும்பவில்லை.

அந்த உத்தரவு சரிதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். நான் தொற்றோடு வண்டியில் சுற்றினால் அடுத்து ஏறும் அத்தனை பேருக்கும் கொடுத்துவிடுவேன். எங்கள் வேலையே ஆளின் பக்கத்தில் போவது, ஆனால் பக்கத்தில் போவதே ஆபத்து என்று அந்த நோய் ஆக்கிவிட்டது. உத்தரவு சரி என்று தெரிந்தும் அந்தப் பெண்ணின் குரல் காதை விட்டுப் போகவில்லை, அதுதான் எனக்கு விளங்காத விஷயம். நான் தப்புச் செய்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

அந்த மாதங்களில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று போனவர்கள் பல இடங்களில் கூடிவிட்டார்கள். இத்தாலியில் லோடி, கிரெமோனா, பாவியா, மாந்துவா என்ற 4 மாகாணங்களில் தொற்றின் முதல் 40 நாளை முந்தைய ஆண்டின் அதே நாட்களோடு ஒப்பிட்டபோது 229 ஆக இருந்தது 362 ஆகியிருந்தது. அதாவது 58 சதவீதம் அதிகம். அந்த 362 இடங்களில் எத்தனையோ வாசலில் என்னைப் போல யாரோ ஜிப்பை இழுத்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

உங்களில் வண்டியில் இருந்தவர்கள், காவல் பணியில் இருந்தவர்கள், தீயணைப்பில் இருந்தவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், நடந்ததை எழுதினால் போதும்.

செக்போஸ்ட் காவலர்:

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நான் காவல்துறை, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஊரடங்கில் எல்லாரும் எங்களை லத்தியோடுதான் நினைவு வைத்திருக்கிறார்கள். எல்லை மீறியவர்கள் எங்கள் ஆட்களில் இருந்தார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் எனக்குள் தங்கியிருப்பது வேறு. ஒருவர் பைக்கில் வந்து நின்றார். அப்பா கடைசி மூச்சில் இருக்கிறார், அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்தும் வரவில்லை என்றார். அதே காரணத்தை அன்று காலையிலிருந்து பல பேர் சொல்லியிருந்தார்கள், அதில் சிலர் சொன்னது பொய் என்று தெரிந்தும் இருந்தது. இவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இருந்தும் திருப்பி அனுப்பினேன், ஏனென்றால் நான் விட்டாலும் அடுத்த செக்போஸ்ட்டில் விட மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

இன்னொன்று, இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஒரே வீட்டிலிருந்து ஒரு வாரத்தில் இரண்டு தடவை அழைப்பு, கணவன் அடிக்கிறான் என்று. சாதாரண நாளாக இருந்தால் அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்திருப்போம், அந்தப் பெண்ணை அவள் அம்மா வீட்டில் விட்டிருப்போம். அப்போது லாக்கப்பில் கூட்டம் சேரக்கூடாது, கடும் குற்றம் இல்லையென்றால் கைது வேண்டாம் என்று இருந்தது. பஸ் இல்லை, பெண்கள் காப்பகங்கள் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. எச்சரித்துவிட்டு, அதே கதவுக்குப் பின்னால் அவளை விட்டுவிட்டு வந்தேன். 2020 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ் பேசும்போது, சண்டை நிறுத்தம் போர்க்களத்துக்கு மட்டும் இல்லை, வீடுகளுக்கும் வேண்டும் என்கிற பொருளில் கேட்டார். டிவியில் அதைப் பார்த்தபோது அந்தக் கதவின் நிறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நீலம்.

இப்போதும் யாராவது பேச நெருங்கி வந்தால் நான் இரண்டடி பின்னால் போகிறேன். வீட்டில் சொல்லிக் காட்டித்தான் எனக்கே தெரிந்தது.

ஹெட்செட்:

நான் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுப்பவள். முன்களப் பணியாளர் என்று எங்களை யாரும் சொன்னதில்லை, அறைக்குள் உட்கார்ந்திருந்தோமாம். எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எந்த அழைப்பானாலும் முதலில் காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, தொற்றுள்ள யாரோடும் பழகினீர்களா என்று கேட்க வேண்டும். உண்டு என்றால் வண்டி வராது என்று ஜனங்களுக்கு ஒரு பயம், அதனால் இல்லை என்பார்கள். பின்னால் இருமல் சத்தம் எனக்கே கேட்கும். ஒருமுறை அப்படிக் கேட்டும், அவர் இல்லை என்றதால் இல்லை என்றே பதிந்துவிட்டேன். போன வண்டியில் ஒரு தம்பிக்குத் தொற்று வந்தது. அந்த அழைப்பில்தான் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது, அவன் பிழைத்தும்விட்டான். ஆனால் அதன் பிறகு ஓட்டுநர்கள் ரேடியோவில் என்னிடம் பேசும் தொனியே மாறிவிட்டது. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பயந்துபோய் இல்லை என்று சொன்ன அந்த மனிதரையும் சொல்ல முடியவில்லை.

சிபிஆர், அதாவது நின்ற இதயத்துக்காக நெஞ்சை அழுத்துவது, அதைப் போனிலேயே செய்ய வைப்பது எங்கள் வேலைதான். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் வருகிற மாதிரி நான் இங்கிருந்து எண்ணுவேன், அங்கே அழுதுகொண்டே அழுத்துவார்கள். வாயோடு வாய் வைக்காதீர்கள், அவர் வாய் மூக்கின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு அழுத்துங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொந்த அம்மாவின் முகத்தைத் துணியால் மூடச் சொன்னபோது ஒரு பையன் "மூடினால் செத்துப்போன மாதிரி இருக்குக்கா, என்னால முடியாது" என்றான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எங்கள் கேள்வித்தாளில் இல்லை. எண்ணிக்கொண்டே இருந்தேன். வண்டி வந்ததும் லைன் கட். அந்த அம்மா என்ன ஆனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எந்த அழைப்பின் முடிவும் எங்களுக்குத் தெரியாது.

பெயர் வேண்டாம்:

என் கணவர் காவல்துறையில் இருந்தார். 2021ல் இரண்டாம் அலையில் போய்விட்டார். வயது 46.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 82 காட்டியது. அவர் எழுந்து உட்கார்ந்து போனில் டூட்டி பிரித்துக்கொண்டிருந்தார், மிஷின் கெட்டுவிட்டது என்று என் விரலில் மாட்டிப் பார்த்தார். எனக்கு 98. மூச்சு திணறும் உணர்வே இல்லாமல் ஆக்ஸிஜன் இறங்கும் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். 9 நாள் இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பணியின்போது தொற்றியதால் இறந்தார் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை. எந்தத் தேதியில், யாரிடமிருந்து வந்தது, அந்த ஆளின் பரிசோதனை முடிவு எங்கே? அவர் அந்த வாரத்தில் மருத்துவமனை வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார், உரிமை கோராத உடல்களுக்குக் காவல் போனார், ஒரு திருட்டு வழக்கில் கைதியைக் கூட்டிப்போனார். இதில் யாருடைய மூச்சு என்று நான் எங்கே போய்க் கேட்பேன்? வீட்டில் வந்திருக்கலாமே என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டார். வீட்டில் எங்கள் யாருக்கும் அதற்கு முன் வரவில்லை என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தேன்.

அமெரிக்காவில் 2020 ஆகஸ்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கடைசியாகப் பணிக்கு வந்ததிலிருந்து 45 நாளுக்குள் தொற்று உறுதியாகி இறந்திருந்தால், காவலரோ தீயணைப்பு வீரரோ ஆம்புலன்ஸ்காரரோ, அது பணியில் வந்தது என்றே எடுத்துக்கொண்டார்கள். வேறு காரணம் என்று மருத்துவச் சான்று இருந்தால்தான் மறுக்க முடியும். குடும்பம் அலைய வேண்டியதில்லை என்று இருந்தது. அங்கே 2020, 2021 இரண்டு வருடமும் பணியில் இருந்த காவலர்கள் இறந்ததற்கு முதல் காரணம் கொரோனாதான், துப்பாக்கிச் சூடும் சாலை விபத்தும் அதற்குப் பின்னால்தான். துப்பாக்கியால் சுடப்பட்டவரின் மனைவியிடம் குண்டு எங்கே போகும்போது பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

எனக்குக் கடைசியில் கிடைத்தது. 19 மாதம் ஆனது. பணத்துக்காக மட்டும் நான் அலையவில்லை என்று எத்தனை பேருக்குப் புரியும் தெரியவில்லை. பணியில் இறந்தவர் என்ற அந்த ஒரு வரி அவர் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றுதான் அலைந்தேன்.

செக்போஸ்ட் காவலர்:

அம்மா, அவர் பெயர் தெரியாது, ஆனாலும் நான் எழுந்து நின்றுதான் இதை எழுதுகிறேன்.

பழைய தீயணைப்பு:

ஓய்வு பெறும் வருடத்தில் தொற்று வந்தது. நெருப்புக்குள் போகும்போது முதுகில் சொந்தக் காற்று இருக்கும், அதனால் எங்களுக்குப் பயம் குறைவு. தெருத்தெருவாய்க் கிருமிநாசினி அடிக்க அனுப்பினார்கள். அதில் பெரிய பயன் இல்லை, மருந்து ஆளின் உடம்புக்குத்தான் கெடுதல் என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மே மாதம் சொல்லிவிட்டது. அதற்கு முன் வாரக்கணக்கில் அடித்திருந்தோம். என்னோடு குழாய் பிடித்த இளைஞனுக்கு அந்த மருந்து நெடியில் ஆரம்பித்த இருமல் இன்னும் நிற்கவில்லை.

ஆம்புலன்ஸ் இரவுப்பணி:

எல்லாருடையதையும் படித்தேன். அக்கா, நீங்கள் அம்மா முகத்தில் துணி போடச் சொன்னதைப் படித்த பிறகு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் உள்ளே நுழையும்போது யாராவது அழுத்திக்கொண்டிருந்தால் எங்களுக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். அந்த மூன்றாம் மாடியில் யாரும் அழுத்தவில்லை. எல்லாரும் எங்களுக்காக வாசலில் நின்றிருந்தார்கள். உங்களைப் போல ஒருவர் எண்ணிக்கொண்டிருந்த வீடுகளில் எங்கள் 3 நிமிடம் அவ்வளவு கொடூரமாக இல்லை. ரேடியோவில் கோபமாகப் பேசியவர்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அதே கட்டிடத்துக்கு வேறு அழைப்பு வந்தது, இரண்டாம் மாடியில் ஒரு பாட்டிக்கு மூச்சிரைப்பு. கிட் எல்லாம் இல்லை, முகத்தில் மாஸ்க் மட்டும். ஓடி ஏறும்போது படிக்கட்டின் அடியில் என் கை தானாகக் கழுத்துக்குப் போய் ஜிப்பைத் தேடியது. ஓட்டுநர் அண்ணன் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினார்.

பாட்டியைச் சேர்த்துவிட்டு வந்த பிறகு கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். அழைப்பை எடுத்த பெண்ணிடம், அந்தப் பாட்டிக்கு மூச்சு சீராகிவிட்டது, பேசுகிறார் என்றேன். எதற்காகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். சும்மாதான், தெரிந்துகொள்ளட்டும் என்று சொன்னேன். அப்புறம் கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. இப்போது எங்கள் வண்டியில் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் அழைத்துச் சொல்கிறோம், நல்லதோ கெட்டதோ.