புதுப்பிப்பு: மகளின் காத்திருப்புப் பட்டியல் அசைந்தது

இங்கிலாந்தில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்த மகளை, நேர்காணல் முடிந்ததும் ஒரு பல்கலைக்கழகம் காத்திருப்புப் பட்டியலில் வைத்துவிட்டது, நம்பலாமா என்று பிப்ரவரியில் கேட்டிருந்தேன். சரி, இடம் வந்துவிட்டது.

மே மாதம் வரை எந்த அசைவும் இல்லை. யூகாஸ் (அங்கே பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் பொது அமைப்பு) வழியாக நான்கு மருத்துவ இடங்களுக்கும், ஐந்தாவதாக வேறு படிப்பு ஒன்றுக்கும் விண்ணப்பிக்கலாம். பல ஆஃபர்கள் உள்ளவர்கள் முதல் தேர்வு ஒன்று, மாற்று ஒன்று என வைத்துக்கொண்டு மற்றதைக் கடைசித் தேதி நெருங்கும்போதுதான் விடுகிறார்கள். ஒருவர் விட்டால் அடுத்தவருக்கு என்றும் கணக்குப் போடாதீர்கள். பல்கலைக்கழகங்கள் இருக்கும் இடங்களைவிடக் கூடுதலாகவே ஆஃபர் கொடுக்கின்றன.

நேர்காணல் பற்றிக் கேட்டவர்களுக்கு: எம்எம்ஐ முறை, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் பல குறு நேர்காணல்கள். சில நிமிடத்துக்கு ஒரு மேசை, மணி அடித்ததும் அடுத்தது. ஒன்றில் நடிகர் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரராக உட்கார்ந்திருந்தாராம். அவருடைய பூனை மேல் இவள் கார் ஏறிவிட்டது, அதை அவரிடம் சொல்ல வேண்டும். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாளாம். பயிற்சி வகுப்புக்குக் கொட்டிய காசு இதற்கு உதவியதாக எனக்குத் தோன்றவில்லை!

அப்புறம், இது நிபந்தனையோடு வந்த ஆஃபர்தான். ஆகஸ்டில் ஏ லெவல் (அங்கே பள்ளி இறுதித் தேர்வு) முடிவில் மூன்று ஏ வேண்டும். ஐந்தாவது தேர்வாகப் போட்டிருந்த உயிர்வேதியியல்தான் மாற்று.