மறு: ஒரே எழுத்து, பல பொருள் – 'மிகைச்சுமைக் குறி' வேண்டாமே

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரே குறி பல பொருளில் வருவதை ஆங்கிலத்தில் 'ஓவர்லோடட் சிம்பல்' என்கிறார்கள்; அதற்குத் தமிழில் 'மிகைச்சுமைக் குறி' என்ற பரிந்துரையைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. கோவைப் பக்கம் 'ஓவர்லோடு' என்றால் ஸ்டார்ட்டரில் ரிலே விழுந்து மோட்டார் நிற்பது. கிணற்றடியில் அதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், மிகைச்சுமை என்றால் எத்தனை ஆம்பியர் என்றுதான் கேட்பார்கள்.

போன வாரம் எங்கள் பம்பு லேபில் நடந்தது. பன்னிரண்டு முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த பையன், ரெனால்டு எண் (குழாயில் நீர் சீராகப் போகிறதா, கலங்கிச் சுழன்று போகிறதா என்று காட்டும் எண்) கணக்கில் மியூ (μ) என்ற கிரேக்க எழுத்துக்கு 0.3 போட்டிருந்தான். 50 மி.மீ. குழாய், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தண்ணீர். 50,000 வர வேண்டிய இடத்தில் 167. "தண்ணி வரிச்சீராத்தான் போகுதுங்க சார்" என்கிறான், அதாவது கலங்காமல் அடுக்கடுக்காக. பள்ளியில் அவனுக்கு மியூ உராய்வுக் குணகம். பாகியல் எண்ணுக்கு (நீர்மம் தன் ஓட்டத்தைத் தானே எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) ஈட்டா (η). எங்கள் பாடத்தில் பாகியல் எண்ணே மியூ, தண்ணீருக்கு ஏறத்தாழ 0.001. ஈட்டாவோ பம்பின் பயனுறு திறன். பையன் மேல் தப்பே இல்லை, படித்ததைத்தான் போட்டான். பட்டறைக்குப் போனால் இன்னொரு மியூ காத்திருக்கிறது. மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அந்த எழுத்து மட்டுமே குறியாக இருந்தது. 1967-இல் அலகுகளுக்கான உலக மாநாடு அதை நீக்கியும், லேத்தில் நிற்பவர் வாயில் இன்றும் மைக்ரான்தான்.

நமக்கு இது புதிதா? 'மா' ஓரெழுத்துதான். மாமரம், அரிமா, மாநகர், இருபதில் ஒரு பங்கு – பக்கத்தில் நிற்கும் சொல் பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தியார், திரிசொல்லுக்கு (கற்றவர்க்கே எளிதில் பொருள் விளங்கும் சொல்) இலக்கணம் சொல்லும்போது 'பலபொருள் குறித்த ஒருசொல்' என்கிறார். (பவணந்தியார் பெருந்துறைக்கு அருகே சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள்.) 'குறித்த' என்ற சொல் அங்கேயே இருக்கிறது. அதிலிருந்து 'பலபொருட்குறி' என்று எடுத்துக்கொள்ளலாம். 'மியூ ஒரு பலபொருட்குறி. எந்தப் பாடம் என்று பார்த்துப் பொருள் கொள்' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடங்கலில்லாமல் வந்தது.

'பலபொருளெழுத்து' என்று ஒருவர் எழுதியிருந்தார். கூட்டல் குறியும் நேர்மின்னூட்டத்தைக் காட்டுகிறதே, அது எழுத்தில்லையே. அதனால்தான் குறி என்கிறேன்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. தொல்காப்பியம் இதையே 'வேறுபொருள் குறித்த ஒருசொல்' என்கிறது. மியூவின் பொருள்கள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை; அப்படியானால் 'வேறுபொருட்குறி' இன்னும் பொருத்தமா? இலக்கணம் கற்றவர்கள் சொல்லுங்கள்.